வாட்டும் மாடியில் வைத்த பெட்டரி நாலு நாளில் இறங்கிவிடுகிறது: கம்பைலரால் கரண்ட் மிச்சமாகுமா?

நோட்டன்பிரிட்ஜ் | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா வேலை செய்யும் தேயிலைப் பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடி இருக்கிறது. வாட்டல் 12 மணி நேரமும் போகும், மழைக்காலத்தில் 18 மணி நேரமும் போகும். டீமேக்கர் ஐயா இரவில் பல தடவை படி ஏறி ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு இறங்குவார். அவருக்கு முழங்கால் வலி. அதைப் பார்த்துத்தான் ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். ஏடிமெகா328பி சிப் உள்ள ஆர்டுயினோ போர்ட் (உள்ளங்கை அளவுக் கணினி), டிஎச்டி22 சென்சார், ஒரு சின்ன ரேடியோ, நாலு பென்டோர்ச் பெட்டரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, சராசரி எடுத்து, கீழே ஆபிசில் உள்ள திரைக்கு அனுப்பும். ஐயாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் நாலாம் நாள் பெட்டரி இறங்கிவிடுகிறது.

இரண்டாவது பிரச்சினை என் லெப்டொப். சிறு தோட்டக்காரர்கள் பல ஆயிரம் பேரின் ஆறு வருடக் கொழுந்து நிறையையும் மழையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு பைதன் புரோகிராம் எழுதியிருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. லெப்டொப் பெட்டரி தாங்குவது 40 நிமிடம். மழையில் லைன் போனால் அவ்வளவுதான், முதலில் இருந்து ஓட விட வேண்டும்.

நாம் எழுதும் கோட்டை இயந்திரக் கட்டளையாக மாற்றித் தருகிறதே கம்பைலர், அதைப் பற்றிய ஆராய்ச்சியால் மென்பொருள் வேகமாகிறது, மின்சாரமும் குறைகிறது என்று வாசித்தேன். எனக்கு இது வெறும் படிப்பு விசயமாகப் படவில்லை. காசல்ரீ தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தில் இறங்கி எங்கள் ஊர் அணைக்கட்டுக்கு வருவதைத் தினமும் பார்க்கிறவன் நான். கம்பைலரில் சரியான ஃபிளாக்கை, அதாவது எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லும் குறிப்பை, போட்டால் இந்த இரண்டும் தீருமா? எந்த ஃபிளாக்?

பேராதனை_மரநிழல் | செவ்வாய், இரவு 10.25

தம்பி, நல்ல கேள்வி. ஆனால் உங்களுடைய இரண்டு பிரச்சினைக்கும் காரணம் வேறு வேறு, ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

முதலில் பெட்டி. அளவுக்கும் அளவுக்கும் நடுவில் உள்ள அந்த ஐந்து நிமிடம் எப்படிக் காத்திருக்கிறீர்கள்? 'டிலே' என்ற காத்திருக்கும் கட்டளையைப் போட்டிருந்தால் பிரச்சினை அதுதான். டிலே என்றால் சிப் தூங்குகிறது என்று அர்த்தம் இல்லை. முழு விழிப்பில் இருந்து "நேரம் ஆச்சா, நேரம் ஆச்சா" என்று நொடிக்குப் பல்லாயிரம் தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த நிலையில் மில்லி ஆம்பியர் கணக்கில் குடிக்கும். ஆழ்தூக்கத்தில் போட்டால் சிப் மட்டும் எடுப்பது மைக்ரோ ஆம்பியர் கணக்கு. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இதைக் கம்பைலரால் சரி செய்ய முடியாது. நேரத்தைக் கடத்த நீங்கள் வெறும் ஃபோர் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) ஒன்றை எழுதியிருந்தால், அதில் பயன் எதுவும் இல்லை என்று கண்டு கம்பைலர் அடியோடு தூக்கிப்போடும், காத்திருப்பே இல்லாமல் போய்விடும். டிலே கடிகாரத்தைப் படிக்கிறது, அதனால் அதைத் தொடாது. நீங்கள் எழுதியதன் பலன் மாறக் கூடாது என்பதுதான் கம்பைலருக்கு உள்ள கட்டுப்பாடு. "இவர் உண்மையில் தூங்கத்தான் சொல்ல வந்தார்" என்று அது ஊகிக்கக் கூடாது.

ஃபிளாக் பற்றிக் கேட்டீர்கள். ஆர்டுயினோ ஏற்கெனவே 'ஓஎஸ்' போட்டுத்தான் கம்பைல் செய்கிறது, அதாவது கோட் அளவைக் குறைக்கும் வழி. 32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ராம் உள்ள சிப்புக்கு அதுவே சரி.

ஊவாக்காற்று | செவ்வாய், இரவு 10.50

லெப்டொப் விசயத்துக்கு நான் நேராகச் சொல்கிறேன்: பைதனை விடுங்கள். போர்த்துக்கல் ஆய்வாளர்கள் 2017 இல் 27 மொழிகளை அளந்தார்கள். சி மொழி 1 அலகு சக்தி எடுத்த வேலைக்குப் பைதன் 75.88 அலகு எடுத்தது. ரஸ்ட் 1.03. ஜாவா 1.98. இதற்கு மேல் என்ன பேச்சு? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அதை மறந்துவிட்டு இன்னும் 75 மடங்கு மொழியில் எழுதினால் எப்படி?

கொட்டகலை_மல்லிகை | புதன், காலை 6.15

ஊவா அண்ணா, அந்த அட்டவணையை நானும் ஒரு காலத்தில் எல்லாருக்கும் அனுப்பியவள்தான். ஆனால் அதே அட்டவணையில் ஜாவாஸ்கிரிப்டுக்கு 4.45, டைப்ஸ்கிரிப்டுக்கு 21.50 என்று இருக்கிறது. டைப்ஸ்கிரிப்டைக் கம்பைல் செய்தால் வருவதே ஜாவாஸ்கிரிப்ட்தானே, அதே எஞ்சினில்தானே ஓடுகிறது? அப்படியென்றால் அங்கே அளந்தது மொழியை மட்டும் இல்லை. எழுதியவரின் கோட், பிராசசரில் எத்தனை கோர் (கணக்கிடும் பகுதி) ஓடியது, எந்த லைப்ரரி (மற்றவர் எழுதி வைத்த கோட்), எல்லாம் சேர்ந்து வந்த எண் அது. 2024 இல் எமெரி பெர்கர் குழுவினர் இதை மறுபடி ஆராய்ந்து, ஓடும் நேரமும் எத்தனை கோர் வேலை செய்கிறது என்பதும்தான் சக்திச் செலவைத் தீர்மானிக்கின்றன, மொழி என்பதால் மட்டும் தனியாக ஒரு செலவு வருவதில்லை என்று காட்டினார்கள்.

தம்பியின் புரோகிராமைப் பார்க்காமல் மொழியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்பை என்ற கணக்கு லைப்ரரியைப் போட்டு எழுதியிருந்தால் உள்ளே ஓடுவது சி தான். பைதன் 3.11 வந்தபோதே சராசரியாக 1.25 மடங்கு வேகம் கூடியது, ஒரு வரி கூட மாற்றாமல். அதுவும் இந்தத் துறை ஆராய்ச்சியின் பலன்தானே.

ஊவாக்காற்று | புதன், காலை 7.05

சரி தங்கச்சி, டைப்ஸ்கிரிப்ட் விசயம் நான் கவனிக்காதது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேகத்தில் இடைவெளி இருப்பது பொய்யா? எம்ஐடி ஆட்கள் 2020 இல் காட்டினார்களே. 4096க்கு 4096 அணி இரண்டைப் பெருக்கப் பைதனுக்கு 25,552 விநாடி, அதாவது ஏழு மணி நேரம். கடைசியில் அதே கம்ப்யூட்டரில் 0.41 விநாடி.

கொட்டகலை_மல்லிகை | புதன், காலை 7.30

பொய் இல்லை. ஆனால் நடுவில் உள்ள படிகளையும் பாருங்கள் அண்ணா. சி மொழிக்கு மாற்றியதில் கிடைத்தது 47 மடங்கு. கடைசி எண் 60,000 மடங்குக்கு மேல். மீதி எல்லாம் 18 கோருக்கும் வேலையைப் பிரித்ததிலும், மெமரியைத் தொடும் ஒழுங்கை மாற்றியதிலும், ஒரே அடியில் பல எண்களைக் கணக்கிடும் வெக்டர் கட்டளைகளாலும் வந்தது. சி என்பது முதல் படி மட்டும்.

நோட்டன்பிரிட்ஜ் | வியாழன், இரவு 8.10

பேராதனை அண்ணா சொன்னது சரி, டிலேதான் போட்டிருந்தேன். இப்போது சிப்பில் உள்ள வாட்ச்டாக் டைமரை (குறித்த நேரத்தில் எழுப்பும் கடிகாரம்) வைத்துத் தூங்கவைத்திருக்கிறேன். அது அதிகபட்சம் 8 விநாடிதான் தூங்கவிடும், அதனால் எழுந்து எண்ணிவிட்டு மறுபடி தூங்குகிறது. போர்டில் எப்போதும் எரிந்த சிவப்பு விளக்கையும் கழற்றிவிட்டேன். பெட்டரி எத்தனை நாள் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

லெப்டொப் புரோகிராமை நேற்று இரவு உட்கார்ந்து சியில் எழுதினேன். பைதனில் நான் நம்பை போடவில்லை, வெறும் லூப்தான். சியில் வேகத்துக்கான ஓ2 ஃபிளாக்கைப் போட்டு நாலு நிமிடத்தில் முடிந்தது. சந்தோசம்தான். ஆனால் அதற்கு மேல்படியான ஓ3 போட்டாலும் அதே நாலு நிமிடம். கம்பைலர் கையை விரித்துவிட்டதா? உள் லூப் இதுதான்: வெளியே நாள், உள்ளே தோட்டம். டேட்டா தோட்டத்துக்கு ஒரு வரிசையாக இருக்கிறது, ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக மெமரி ஒதுக்கியிருக்கிறேன்.

பேராதனை_மரநிழல் | வியாழன், இரவு 9.30

அங்கேதான் இருக்கிறது விசயம். நம்ம ஊர் வேலையை வைத்தே சொல்கிறேன்.

கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பார்கள். அந்த நிரையைப் பிடித்து மேலே வரை எடுத்துக்கொண்டு போய், கூடை நிரம்பியதும் மடுவத்துக்கு இறங்கி நிறுப்பார்கள். இப்போது ஒருவர் முதல் நிரையில் ஒரு செடியில் ஒரு கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு மடுவத்துக்கு இறங்குகிறார், பிறகு இரண்டாம் நிரையில் ஒன்று, மறுபடி மடுவம். கை என்னவோ வேகமாகத்தான் கிள்ளுகிறது, நாள் முழுக்க நடையில் போய்விடுகிறது.

உங்கள் லூப் செய்வது இதைத்தான். ஒரு எண்ணைக் கேட்டாலும் பிராசசர் மெமரியில் இருந்து 64 பைட்டை மொத்தமாகக் கொண்டுவரும். 8 பைட் எண் என்றால் எட்டு எண். நீங்கள் அதில் ஒன்றை எடுத்துவிட்டு அடுத்த வரிசைக்குத் தாவுகிறீர்கள். மீதி ஏழும் வீணாக வந்து திரும்பப் போகின்றன.

இந்த நடைக்குத்தான் சக்தி போகிறது. மார்க் ஹொரோவிட்ஸ் 2014 இல் 45 நானோமீட்டர் சிப்புக்குக் கொடுத்த கணக்கு: 32 பிட் முழு எண்கள் இரண்டைக் கூட்ட 0.1 பிகோஜூல் (ஒரு பிகோஜூல் என்பது ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). வெளி மெமரியை ஒரு தடவை தொட 1,300 முதல் 2,600 பிகோஜூல். கூட்டுவதற்கு ஆகும் செலவைப் போல பத்தாயிரம் மடங்குக்கும் மேல், எண்ணைக் கொண்டுவருவதற்கு. கம்பைலர் ஆராய்ச்சியில் சக்தி என்று பேசினால் பெரும்பகுதி இந்த நடையைக் குறைக்கிற பேச்சுத்தான்.

லூப்பை உள்வெளியாக மாற்றுவது கம்பைலருக்குத் தெரியாத வேலை இல்லை. ஜிசிசி கம்பைலரின் 8 ஆம் பதிப்பில் இருந்து, அதாவது 2018 இல் இருந்து, ஓ3 போட்டால் அதை முயன்று பார்க்கும். ஆனால் நீங்கள் வரிசைக்கு ஒரு பொயின்டர் (மெமரியில் இடத்தைக் காட்டும் முகவரி) வைத்திருக்கிறீர்கள். இரண்டு பொயின்டர் ஒரே இடத்தைக் காட்டினால்? மாற்றினால் விடை பிழைத்துவிடுமே. சந்தேகம் வந்தால் கம்பைலர் சும்மா இருந்துவிடும், அப்படி இருப்பதுதான் சரி. எல்லா வரிசையையும் ஒரே தொடர் மெமரியில் வையுங்கள், தோட்டத்தை வெளியே கொண்டுவாருங்கள், நாளை உள்ளே போடுங்கள்.

நோட்டன்பிரிட்ஜ் | வியாழன், இரவு 11.20

34 விநாடி!! ஒன்றரை மணி நேரம் ஓடியது 34 விநாடி. மாற்றியது ஏழு வரி. மாமாவை எழுப்பிக் காட்டினேன்.

ஊவாக்காற்று | வெள்ளி, காலை 6.40

அருமை தம்பி. இனி ஓ3க்கும் மேலே போகும் 'ஓஃபாஸ்ட்' ஃபிளாக்கைப் போட்டுப் பாருங்கள், இன்னும் குறையும். அந்தப் பெட்டிக்கும் அதையே போடலாம்.

மடுவம் | வெள்ளி, மதியம் 12.50

தயவுசெய்து அந்த ஃபிளாக்கைப் பெட்டிக்குப் போடாதீர்கள். நான் ஹட்டனில் எலக்ட்ரோனிக் சாமான் திருத்துகிறேன், இதில் பட்டவன்.

டிஎச்டி22 ஒரு தடவை அளக்கத் தவறினால் லைப்ரரி 'எண் அல்ல' என்ற மதிப்பைத் திருப்பும். ஈரம் கூடின மாடியில் கம்பி மூட்டு கொஞ்சம் பச்சை பிடித்தாலே அடிக்கடி தவறும். அதனால் எல்லாரும் 'இது எண்ணா' என்று ஒரு சோதனை வைத்து, இல்லை என்றால் அந்த அளவைத் தள்ளிவிடுவோம். ஓஃபாஸ்ட் போட்டால் கூடவே வேகக் கணக்கு விதிகளும் வருகின்றன. அதில் ஒன்று, இந்தப் புரோகிராமில் 'எண் அல்ல' என்ற மதிப்பு வரவே வராது என்று கம்பைலருக்குக் கொடுக்கும் உறுதி. நீங்களே வராது என்று சொல்லிவிட்டதால், சோதனை வீண் என்று அது எடுத்துவிடலாம்.

ஒரு காளான் கொட்டகைக்கு அப்படிச் செய்து கொடுத்தேன். இரவு ஒரு மணிக்கு ஒரு அளவு தவறியது. சோதனை இல்லாததால் அது சராசரிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்த எண்ணைச் சேர்த்தாலும் சராசரி 'எண் அல்ல' தான். ஈரப்பதம் குறைவா என்று கேட்டால் எப்போதும் இல்லை என்றே பதில் வரும், அதனால் விடியும்வரை நீர் தெளிக்கும் மோட்டார் போடவே இல்லை. ஒரு தட்டுக் காளான் காய்ந்துபோனது. அந்த அக்கா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். கோட்டில் பிழை தேடி இரண்டு நாள் போனது. ஃபிளாக்கை ஓஎஸ்ஸுக்கு மாற்றியதும் சோதனை திரும்பி வந்தது.

இன்னொன்று. டிஎச்டி22 அனுப்புவதே பத்தால் பெருக்கிய முழு எண்தான், 24.6 பாகை என்றால் 246. லைப்ரரிதான் அதைத் தசம எண்ணாக்குகிறது. ஏடிமெகாவில் தசமக் கணக்குக்குச் சுற்றே கிடையாது, எல்லாம் மென்பொருளால் செய்ய வேண்டும். 246 ஆகவே வைத்து முழு எண்ணில் சராசரி எடுங்கள். கோட் சிறுக்கும், விழித்திருக்கும் நேரமும் குறையும்.

ஊவாக்காற்று | வெள்ளி, மதியம் 1.15

நன்றி அண்ணே. மேலே சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கூலிக் கணக்கு போடும் புரோகிராமுக்கும் இது ஆபத்து என்று இப்போதுதான் உறைக்கிறது. கூட்டும் வரிசையை மாற்றினால் தசம எண்ணில் விடை இம்மி மாறும், அது யாரோ ஒருவரின் சம்பளச் சீட்டில் போய் நிற்கும்.

கொட்டகலை_மல்லிகை | வெள்ளி, இரவு 7.45

கிளாங் என்ற இன்னொரு கம்பைலரின் 19 ஆம் பதிப்பில், 2024 இல், ஓஃபாஸ்டைக் கைவிடப் போவதாகவே எச்சரிக்கை போட்டுவிட்டார்கள். வேண்டியவர் அந்தந்த விதியைத் தெரிந்து தனியாகப் போட வேண்டும் என்பதற்காக.

தம்பி, அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. லெப்டொப் இன்டெல் என்றால் லினக்ஸில் 'பெர்ஃப்' என்ற கருவி மூலம் பிராசசர் எடுத்த ஜூலையே வாசிக்கலாம், 2011 சேண்டி பிரிட்ஜில் இருந்து அந்த எண்ணி உள்ளே இருக்கிறது. ஆனால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். 2009 இல் ஒரு ஆய்வுக் குழு, புரோகிராமைத் தொடாமல் சூழல் மாறிகளின் (இயங்குதளம் புரோகிராமுக்குக் கொடுக்கும் அமைப்புத் தகவல்கள்) நீளத்தை மட்டும் மாற்றி, ஓ2வும் ஓ3யும் எது வேகம் என்ற விடையே மாறுவதைக் காட்டியது. மெமரியில் விழும் இடம் கொஞ்சம் நகர்ந்ததால் வந்தது அது. பத்துத் தடவையாவது ஓட்டுங்கள்.

பதுளை_டீச்சர் | சனி, காலை 9.00

பிள்ளைகளே, நான் உயர்தரத்துக்கு ஐசிடி படிப்பிக்கிறேன். சாதாரண தரத்தில் பாஸ்கல், உயர்தரத்தில் பைதன். கம்பைலருக்கும் இன்டர்பிரிட்டருக்கும் வித்தியாசம் எழுது என்ற கேள்விக்கு எல்லாரும் நாலு வரி எழுதிப் புள்ளி எடுத்துவிடுவார்கள். அந்த நாலு வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று காட்ட இந்த இழையை வகுப்பில் வாசிக்கப் போகிறேன்.

பிரான்செஸ் ஆலனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நியூயோர்க் மாநிலத்தில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். படிப்புக் கடனை அடைக்க 1957 இல் ஐபிஎம்முக்குப் போனார், கடன் தீர்ந்ததும் திரும்பி வந்து படிப்பிக்கும் எண்ணத்தோடு. அந்த வருடம்தான் ஜோன் பாக்கஸ் குழுவின் ஃபோர்ட்ரான் கம்பைலர் வெளியானது. அதை அங்குள்ள விஞ்ஞானிகளுக்குப் படிப்பிப்பதுதான் அவருக்குக் கொடுத்த முதல் வேலை. கையால் எழுதும் கட்டளைக்கு ஈடாக ஒரு இயந்திரம் எழுதிவிடுமா என்று அவர்கள் நம்பவில்லை. படிப்பிப்பதற்காகக் கம்பைலரின் உள்ளே வாசிக்கப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். எந்தக் கணக்கு வீண், எது லூப்புக்கு வெளியே போகலாம் என்று ஒரு புரோகிராமை முறையாக ஆராயும் வழிகளை ஜோன் கொக்குடன் சேர்ந்து வகுத்தார். 2006 இல் கணினித் துறையின் உயர்ந்த விருதான டூரிங் விருது, அதைப் பெற்ற முதல் பெண்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். அம்மா மலையில் வேலை. வீட்டில் ஒரு பழைய போன் மட்டும்தான். அவள் கேட்கிறாள்: "டீச்சர், கம்பைலர் எழுதப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டுமா? இங்கிலீஸ் நல்லாத் தெரிய வேண்டுமா?" நான் என்ன சொல்ல?

பேராதனை_மரநிழல் | சனி, இரவு 8.20

டீச்சர், இரண்டுக்கும் உண்மையான பதில் சொல்கிறேன்.

கம்பைலர் கட்ட உதவும் பெரிய மென்பொருள் தொகுப்பான எல்எல்விஎம்மை முழுசாகக் கட்ட நல்ல இயந்திரம் வேண்டும், கடைசியில் இணைக்கும்போது ராம் போதாமல் நின்றுவிடும். ஆனால் தொடங்க அது வேண்டியதில்லை. மாட் கோட்போல்ட் 2012 இல் தொடங்கிய கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் இடப்பக்கம் சி எழுதினால் வலப்பக்கம் இயந்திரக் கட்டளை வரும். போனில் போதும். ஒன்று முதல் நூறு வரை கூட்டும் லூப்பை எழுதி ஓ2 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். லூப்பே காணாமல் போய் 5050 என்ற விடை மட்டும் நிற்கும். அதைப் பார்த்து "எப்படி?" என்று கேட்டால் அவள் இந்தத் துறைக்குள் வந்துவிட்டாள். பிறகு பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில், ஏற்கெனவே கட்டிய எல்எல்விஎம்மை நிறுவி, நூறு வரியில் ஒரு சின்னப் பாஸ் (கோட்டை ஆராய்ந்து மாற்றும் ஒரு கட்டம்) எழுதி இணைக்கலாம். கிறிஸ் லாட்னர் 2000 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் விக்ரம் அத்வேயின் மாணவராகத் தொடங்கிய வேலை அது, இன்று எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

இங்கிலீஸ் வேண்டும், மறைக்கமாட்டேன். ஆனால் இந்தத் துறை இங்கிலீஸில் பாதி குறியீடும் கணிதமும்தான். வாசிக்க வாசிக்க வரும்.

எம்ஐடியில் கம்பைலர் குழுவை நடத்தும் சமன் அமரசிங்க இலங்கையில் பிறந்தவர். அவர் பங்கெடுத்த ஹாலைட், படங்களைக் கையாளும் கோட் எழுதுவதற்கான மொழி, 2012 இல் வந்தது. படத்தில் என்ன கணக்கு செய்ய வேண்டும் என்பதை ஒரு இடத்தில் எழுது, அதை எந்த ஒழுங்கில், எந்தத் துண்டாக, எத்தனை கோரில் செய்வது என்பதை வேறு இடத்தில் எழுது என்று பிரித்தார்கள். தம்பி அன்று லூப்பை உள்வெளியாக்கினார் இல்லையா, அந்த வேலையை விடை பிழைக்கும் பயம் இல்லாமல் ஒரு வரியில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கூகுள் போன் கமராவிலும் ஃபோட்டோஷொப்பிலும் அது ஓடுகிறது.

கம்பைலர் ஆய்வாளர் டொட் புரூப்ஸ்டிங் 1998 இல் ஒரு கணக்கு போட்டார்: கம்பைலர் முன்னேற்றத்தால் மட்டும் வேகம் இரட்டிப்பாக 18 வருடம் ஆகிறது. அதை வைத்து இந்த ஆராய்ச்சி வீண் என்று பேசியவர்களும் உண்டு. அன்று சிப் தானாகவே வேகமாகிக்கொண்டிருந்தது, 2005ஐ ஒட்டி அந்த ஓட்டம் அடங்கிவிட்டது. அதனால் இப்போது வருகிற பிள்ளைக்கு வேலை கூடித்தான் இருக்கிறது.

நோட்டன்பிரிட்ஜ் | இருபத்திரண்டு நாள் கழித்து, ஞாயிறு மாலை 5.30

சொன்னபடி வந்துவிட்டேன். தூங்கும் கோட், முழு எண் சராசரி, விளக்கு இல்லாத போர்ட். மூட்டு பச்சை பிடிக்கும் என்று மடுவம் அண்ணே சொன்னதால் அவற்றைப் பற்றவைத்து மெழுகும் பூசினேன். இன்று காலை மீட்டரை வைத்துப் பார்த்தேன். நாலு பெட்டரியும் சேர்ந்து 6.1 வோல்ட் காட்டுகிறது, போட்ட அன்று 6.4. முன்பு இந்த நேரத்துக்கு ஆறாவது செட்டை மாற்றியிருப்பேன்.

டீமேக்கர் ஐயா கொழுந்து வாட்டும் அடுத்த தொட்டிக்கும் ஒன்று கேட்கிறார். சென்சார் இருக்கிறது, போர்ட் ஒன்று குறைகிறது. மடுவம் அண்ணே, கடையில் பழைய ஏடிமெகா போர்ட் கிடந்தால் ஒதுக்கி வையுங்கள், சனிக்கிழமை ஹட்டன் வருகிறேன். பதுளை டீச்சர், அந்தத் தங்கச்சிக்கு என் பழைய லெப்டொப்பைத் தரலாம். பெட்டரி 40 நிமிடம்தான் நிற்கும், கீபோர்டில் ஒரு கட்டை வேலை செய்யாது, மற்றபடி லினக்ஸ் போட்டு ஜிசிசியும் எல்எல்விஎம்மும் நிறுவி வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுத்து அனுப்பட்டும்?